கோர்ட்டுச் சுவரின் பச்சை

கோர்ட்டுக் கட்டடத்துக்கு வண்ணமடிக்கும் வேலையை மாமா தூக்கி எறிந்துவிட்டாராம் என்று, தன் ஓரகத்தி சொன்னதாகத் தங்கை சொன்னாள். ஓரகத்திக்குச் சொன்னது யாரோ. கடல் தாண்டி இருப்பவனுக்கு அது போதும். விடுப்பு வாங்கிக்கொண்டு போய் நின்றேன். மாமா, பல் டாக்டர் வீட்டுப் பின்புறத்தில் சாவகாசமாகச் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தார்.

"வா மாப்ள. நான் செத்துட்டேன்னாங்களா, வேலைய விட்டுட்டேன்னாங்களா?"

"வேலைய விட்டுட்டீங்கன்னு."

"அப்ப பரவாயில்ல. பாதிதான் பொய்."

மரம் வெட்ட வந்த வெள்ளைக்காரர்கள் கட்டிய ஊர் அது. காடு தீர்ந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். ஒற்றைத் தெருவும் கட்டடங்களும் நின்றுவிட்டன. ஜெயிலில் இப்போது உர மூட்டைகள். பாங்கில் பல் டாக்டர். கோர்ட்டில் நூலகம். நாற்பது வருடமாக எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்தவர் மாமா. கோர்ட்டின் முகப்பு மட்டும் எப்போதும் நகரத்து ஆட்களுக்கே போகும். இந்த வருடம்தான் அது அவர் கைக்கு வந்தது. கொடுத்தது தொல்லியல் துறை.

துறையிலிருந்து வந்த அம்மா, கட்டடம் ஆதியில் என்ன நிறம் என்று பார்க்கப் பக்கவாசல் அருகே பிளேடால் சுரண்டினார். மஞ்சள், வெள்ளை, மறுபடி மஞ்சள், அடியில் இளம்பச்சை. நூற்று நாற்பது வருடப் பச்சை என்று குறித்துக்கொண்டார். அதைச் சொல்லும் விளம்பரப் பலகைகூட அச்சாகிவிட்டது.

மாமா மூன்று நாள் அந்தப் பக்கவாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்தார். நான்காம் நாள் போய்ச் சொன்னார்: "மேடம், அந்தப் பச்சை நான் அடிச்சது. அந்த இடத்துல பூச்சு விழுந்து, கொத்தனார் செங்கல் வரைக்கும் தட்டிட்டுப் புதுசா பூசினார். அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. ஆஸ்பத்திரி வேலையில மிஞ்சினதை முதல் பூச்சா இழுத்துவிட்டேன். முன்வாசல் நிலைக்கு மேல சுரண்டிப் பாருங்க, அங்க பூச்சு விழுந்ததே இல்ல."

அந்த அம்மா நெடுநேரம் பலகையையே பார்த்தாராம். மேலிடத்தில் கேட்டு போன் செய்வதாகவும், அதுவரை முகப்பைத் தொட வேண்டாம் என்றும், வேலையே வேறு ஆளுக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

"கேட்டியா? கையில வந்த வேலை. வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியலை உங்க மாமாவால," என்றார், சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்த அத்தை. கோபம் உதட்டோடு நின்றது.

"பச்சை அழகாத்தான் இருக்கும்டி. ஆனா நூலகத்துக்கு வர்றவன் ஊசி போட்டுக்கவா வர்றான்?"

"ரொம்ப ஆசைப்பட்டீங்களே மாமா."

"இப்பவும் ஆசைதான்." ஏணியை நகர்த்திப் போட்டு ஏறினார். சுண்ணாம்பு மட்டையால் மேல் மூலையிலிருந்து நீளமாக இழுத்துக்கொண்டு வந்தார். ஈரச் சுவர் சாம்பலாகத் தெரிந்தது. காய்ந்த பிறகுதான் வெளுக்கும்.

சுவரில் பாதி வந்திருப்பார். அத்தையின் கையில் இருந்த மாமாவின் போன் அடித்தது.

"ஏங்க, அந்த அம்மாதான். இறங்குங்க."

"இந்த ஓரம் வரைக்கும் போயிடறேன். நடுவுல நிறுத்தினா கோடு விழுந்துடும்."

"வேலை வேற ஆளுக்குப் போனா?"

"போனா போகட்டும். இந்தச் சுவருல கோடு விழக் கூடாது."

அத்தை என்னைப் பார்த்தார். மாமா மட்டையை வாளியில் முக்கி, ஓரத்தில் வழித்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.