சரசு சுற்றி வந்த குன்று

மின்சாரம் இல்லாத ஒரு மத்தியானம். மருந்துக் கடையின் முன்கதவை முழுக்கத் திறந்துவைத்து, தெரு வெளிச்சத்தில் மாத்திரை அட்டைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. இங்கிலாந்து எண். எடுத்ததும் கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது. பிறகு ஜெஸ்ஸியின் குரல். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சரசுவோடு தாதியாக வேலை பார்த்த மலையாளப் பெண் அவள். "அக்கா, சரசு சேச்சி போயாச்சு. விடிகாலைல. நான் பக்கத்துலதான் இருந்தேன்," என்றாள். கடையில் ஒரு பெரியவர் இரத்த அழுத்த மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தார். அவருக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன். வருமென்று தெரிந்திருந்த செய்திதான். தெரிந்திருந்தது எந்த விதத்திலும் உதவவில்லை.

இங்கே பர்மாவில், தாகேதா பேட்டையில் சரசுவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவள் உடல் இங்கே வரவில்லை. வந்து கூடி அழ ஓர் இடமில்லை. எழுதுவது ஒன்றுதான் என்னால் செய்ய முடிகிறது.

பள்ளிப் பதிவேட்டில் அவளுடைய பர்மியப் பெயர் மா சந்தா வின். வீட்டிலும் எனக்கும் சரஸ்வதி, சரசு. அவளுடைய தாத்தா ரயில்வே வேலைக்குக் கப்பலேறி வந்தவர். அப்பாவும் ரயில்வே பட்டறையில் இருந்து, அவள் சிறுமியாக இருக்கும்போதே காலமானார். அம்மா முத்தம்மாள் தையல் மெஷினை மிதித்து மகளைத் தாதிப் பயிற்சி வரை படிக்கவைத்தார். வகுப்பில் எங்கள் இருவருக்கும்தான் தமிழ் தெரியும். ஆசிரியருக்குப் புரியக் கூடாத சங்கதிகளை எல்லாம் தமிழில் பேசிக்கொள்வோம். எங்கள் நட்பு அப்படி, கொஞ்சம் திருட்டுத்தனமாகத் தொடங்கியது. பிறகு அவள் சிங்கப்பூர் போனாள், அங்கிருந்து இங்கிலாந்து. நான் பாலத்துக்கு இந்தப் பக்கம், பசுண்டாங்கில் எங்கள் வாப்பாவின் மருந்துக் கடையில் உட்கார்ந்தேன்.

நோய்த்தொற்றுக் காலத்துக்கு முன்பு, தம்பி மனைவியின் பிரசவத்துக்காக நான் ஒருமுறை இங்கிலாந்து போனேன். அப்போது சரசு என்னைத் தன் ஊருக்கு அழைத்தாள். குன்றுகளுக்கு நடுவே கல்வீடுகளாக இருந்த சிறிய ஊர். போய் இறங்கிய மறுநாளே, "நாளைக்கு எனக்கு லீவு. குன்றைச் சுத்திட்டு வருவோம்," என்றாள். ஊர்த் தேவாலயத்தின் பின்னால் தொடங்கும் ஒற்றையடிப் பாதை அது. ஆடுகள் மேயும் சரிவில் ஏறி, மேட்டின் முதுகோடு போய், மறுபக்கம் ஒரு காட்டுக்குள் இறங்கி, ஓடைக் கரையோடு அதே தேவாலயத்துக்கு வந்து சேரும். லீவு நாள் எல்லாவற்றிலும் அவள் அங்கே நடந்திருக்கிறாள். நான் நம் ஊர்ப் பெண்கள் கட்டும் லுங்கியும் செருப்புமாகக் கிளம்பினேன். அவள் சிரித்துவிட்டு, தன்னுடைய கால்சட்டையையும் பழைய பூட்ஸையும் மாட்டிவிட்டாள். பூட்ஸ் எனக்கு ஓர் அளவு பெரியது.

"இதையெல்லாம் மலைன்னா சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"ஏறிப் பாரு, அப்புறம் பேசு."

பாதி ஏற்றத்திலேயே எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே, ஏன் எப்போதும் இதே வழியில் வருகிறாய், வேறு வழி இல்லையா என்று கேட்டேன். "கிளம்புன எடத்துக்கே கொண்டாந்து விடுதுல்ல. இங்க எனக்கு அப்படி வேற எதுவும் இல்ல மரியம்," என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடப் போவதாகவும், தாகேதா வீட்டின் கூரையை மாற்றி அம்மாவோடு இருக்கப் போவதாகவும் அப்போதுதான் சொன்னாள்.

மேட்டின் முதுகை அடைந்தபோது மேகம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பாதையின் ஓரமாக ஓடும் கற்சுவர் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. திரும்பிவிடலாம் என்றேன். "பாதி தாண்டியாச்சு. திரும்பினாலும் இதே தூரம், போனாலும் இதே தூரம். வா," என்றாள். கொஞ்ச தூரத்தில் நாய் குரைத்தது. குரைப்பு நகராமல் ஒரே இடத்திலிருந்து எங்களைக் கூப்பிடுவது போல இருந்தது. போய்ப் பார்த்தால், சுவரைத் தாண்டுவதற்காகப் போட்டிருந்த மரப்படியின் கீழே ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் விழுந்து கிடந்தார். கால் கோணலாக மடங்கியிருந்தது. நெற்றியில் இரத்தம். நாய் அவருடைய மார்போடு ஒட்டிப் படுத்திருந்தது.

சரசு தன் மேல்கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்தினாள். கைபேசியில் சிக்னல் இல்லை. என் பக்கம் திரும்பி, "நீ போகணும்," என்றாள். "இந்தச் சுவர விட்றாத. இடது கையால தொட்டுக்கிட்டே போ. முடியிற எடத்துல ஒரு பண்ணை வீடு இருக்கும். கதவத் தட்டி 'ஹெல்ப்'னு சொல்லி மேல கையக் காட்டு. அது போதும்."

"எனக்கு வழி தெரியாது சரசு. இங்கிலீஷும் வராது. நீயும் வா."

"இவர இப்படியே போட்டுட்டு நான் எங்க வர்றது? போடி."

போனேன். ஈரமான பாசிக் கல்லை உள்ளங்கையால் தடவியபடி, வாய்க்கு வந்த துஆவை எல்லாம் ஓதிக்கொண்டு, பெரிய பூட்ஸுக்குள் கால் வழுக்க வழுக்க நடந்தேன். சுவர் முடிந்தது. வீடும் இருந்தது. கதவைத் திறந்த பெண்ணிடம் 'ஹெல்ப்' என்ற ஒரு சொல்லைத் தவிர எனக்கு எதுவும் வரவில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆம்புலன்சுக்கு அவள் தொலைபேசியில் சொல்ல, அவள் கணவர் என்னை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு மேலே வந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சரசு ஈரப் புல்லில் உட்கார்ந்திருந்தாள். பெரியவரின் தலை அவள் மடியில் இருந்தது. மேலே கம்பளிச் சட்டை ஒன்றைத் தவிர அவளுக்கு எதுவுமில்லை, உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவர் யாரையோ நினைத்து ஏதோ ஒரு பெண் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் அவள், "யபாதே, யபாதே" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பரவாயில்லை என்பதற்கு நம் ஊரில் நாளெல்லாம் சொல்கிற பர்மியச் சொல். அத்தனை வருஷம் அங்கே இங்கிலீஷ் பேசி வேலை பார்த்தவளுக்கு அந்த நேரத்தில் அதுதான் வந்திருக்கிறது. அவருக்கும் அது புரிந்ததாகவே எனக்குப் பட்டது.

அந்த வாரமே மருத்துவமனையில் அவர் இறந்துவிட்டார். நான் தம்பி வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். சரசு தொலைபேசியில் சொன்னாள். "அவர் பையன் வெளிநாட்டுல இருக்கான். வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." அவளே தொடர்ந்தாள். "என் வேலையே இதான் மரியம். அடுத்தவங்க அம்மா அப்பா பக்கத்துல உக்காந்திருக்கிறது. எங்கம்மா பக்கத்துல யாரு உக்காருவா?"

"நான் உக்காருவேன்."

"சொல்லிட்டே. அப்புறம் மாத்தக் கூடாது."

அவள் சொன்ன அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. முதலில் நோய்த்தொற்று வந்தது. அதன்பின் நாட்டில் ஆட்சி மாறியது. அதைப் பற்றி நான் இங்கே சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். அவள் கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டது. வந்தால் திரும்பிப் போக முடியுமா, இல்லை வந்த இடத்திலேயே என்ன ஆகும் என்று யாராலும் அவளுக்குச் சொல்ல முடியவில்லை. அப்படியிருக்கும்போதுதான் முத்தம்மாள் அம்மா படுக்கையில் விழுந்தார். எது வந்தாலும் வரட்டும் என்று சரசு டிக்கெட் எடுக்கப் போனாள். தடுத்தது அம்மாதான். என் கையிலிருந்த கைபேசியில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீ வந்தா நான் எழும்பிருவேனா? அங்கனயே இரு. வந்தேன்னா ஓம் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

காலையில் கடை, மாலையில் பாலம் தாண்டித் தாகேதா என்று சில மாதங்கள் போயின. ஒரு ஞாயிறு பிற்பகல் அம்மாவுக்கு மூச்சு இழுத்தது. சரசுவை அழைத்து, கைபேசியை அம்மாவின் காதோரம் வைத்தேன். "அம்மா, நான்தான் பேசறேன்," என்றாள். கண் திறக்காமல் அவர், "குளிருதா அங்க?" என்று கேட்டார். "இல்லம்மா, நல்ல வெயிலு," என்றாள் சரசு. அங்கே பனி கொட்டிக்கொண்டிருந்ததை ஜெஸ்ஸி பின்னால் சொன்னாள். அதற்குள் மின்சாரம் போய், சிக்னலும் போனது. மறுபடி இணைப்புக் கிடைத்தபோது அம்மா போயிருந்தார். அதை மகளிடம் நான் சொன்னேன். அவள் அழவில்லை. "கையப் பிடிச்சிருந்தியா?" என்று மட்டும் கேட்டாள். பிடித்திருந்தேன் என்றேன். அன்று பனியிலேயே குன்றுக்குப் போய், இருட்டும்வரை அவள் கீழே இறங்கவில்லையாம்.

இங்கே பாடை தூக்க இளவட்டங்கள் இல்லை. பட்டாளத்துக்குப் பிடித்துப் போவார்கள் என்று பாதிப் பேர் எல்லை தாண்டியிருந்தார்கள், மீதிப் பேர் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. நரைத்த தலைகள் நான்கு சேர்ந்துதான் தூக்கின. கியாக்தான் ஊரில், ஆற்றில் சாம்பலைக் கரைத்தபோது நானும் கரையில் நின்றேன். முக்காடு போட்ட இந்தப் பெண் யார் என்று யாரோ கேட்க, 'டோ' என்று பர்மிய மரியாதையோடு நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு டோ செல்லம்மா, "அவதான் மக," என்றார்.

போன மழைக்காலத்தில் சரசு கூப்பிட்டு, "ஒரு மருந்துப் பேரு சொல்றேன், ஒனக்கே புரியும்," என்றாள். சொன்னாள். புரிந்தது. புற்றுநோய். கணையத்தில் வந்து, ஈரல்வரை பரவியிருந்தது. அழுதது நான்தான். அவள் "யபாதே" என்றாள்.

நடக்க முடியாமல் ஆன பிறகு அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். மாலையில் நான் தாகேதா போய், அவள் வீட்டு வாசலில் தொடங்கி, சந்தை வழியாக அவளுடைய பேட்டையைச் சுற்றி மறுபடி அந்த வாசலுக்கு வர வேண்டும். கைபேசியைக் காதில் வைத்து, பார்ப்பதை எல்லாம் சொல்லிக்கொண்டே வர வேண்டும். வீடியோவுக்கு இங்கே இணையம் போதாது, வெறும் குரல்தான். முதல் நாள் நல்லதாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். மொஹிங்கா நூடுல்ஸ் கடையில் கூட்டம், கோயில் சுவருக்குப் புது வெள்ளை, வாய்க்கால் நிறையத் தண்ணீர். அவள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, "இருக்கிறத மட்டும் சொல்லாத மரியம். இல்லாததையும் சொல்லு. நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றாள்.

அன்றிலிருந்து அப்படியே சொன்னேன். தையற்காரர் வீடு பூட்டிக் கிடக்கிறது. பேட்டைப் பள்ளியில் பாதி வகுப்புகள் காலி. டோ செல்லம்மா போன மாதம் தவறிவிட்டார், மகன் வர முடியவில்லை. உன் வீட்டுக் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் அவள் "ம்" என்றாள். சில நாட்களில் யாராவது ஒருவருக்காக என்னை நிறுத்தி, எப்படிப் போனார், யார் கூட இருந்தார்கள் என்று விசாரிப்பாள். கடைசி வாரத்தில் "ம்" மட்டும்தான் வந்தது. அதற்கும் பிறகு ஜெஸ்ஸி கைபேசியை அவள் தலையணையில் வைத்துவிடுவாள். நான் மூச்சுச் சத்தத்துக்குச் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

நல்லதை மட்டும் பொறுக்கிச் சொல்லி ஆறுதல் தருவதாக நினைக்கும் பழக்கம் எனக்கு உண்டு, கடையில் நோயாளிகளிடம்கூட. அதை அவள் என்னிடமிருந்து எடுத்துவிட்டாள். இல்லாதவர்களை இல்லை என்று சொல்லி, அந்த இடத்தில் கொஞ்சம் நிற்பதை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.

செய்தி வந்த அன்று மாலையும் நடந்தேன். சந்தையில் பலர் நின்று அவளை விசாரித்தார்கள். எல்லோரிடமும் சொன்னேன். சரசு இல்லை. விடிகாலையில் போனாள். ஜெஸ்ஸி என்று ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.