முகம் இல்லாத படங்கள்

நெவில் டிரீன் எடுக்கும் படங்களில் யாருக்கும் முகம் கிடையாது. மரம் வெட்டுகிறவர்களுக்கான பாதுகாப்புப் புத்தகத்துக்கு எட்டு வருடமாக அவன்தான் படம் எடுக்கிறான். முன்வெட்டு, பின்வெட்டு, நடுவே கீல் போல விட்டு வைக்கும் கட்டை, ஆள் விலகிப் போகும் வழி, எல்லாம் கண்ணாடி போலத் தெரியும். ஆள் மட்டும் கழுத்தும் தாடையுமாக இருப்பான்.

"என்ன நெவில், மூஞ்சியவே காணோம்?" என்று ஹோபார்ட் நகரத்து ஆபீஸ்காரன் போன வாரமும் கேட்டான்.

"மேல பாத்துட்டு நிக்கிறாங்கப்பா. வேற எங்க பாக்கணும்ங்குற?"

ஆபீஸ்காரனுக்கு என்ன தெரியும்? மரம் விழுந்ததும் வேடிக்கை பார்க்க ஓடுகிறவன் புதுசு. பழைய ஆள் நாலு எட்டு விலகி நின்று, தலையைத் தூக்கிப் பக்கத்து மரங்களைப் பார்ப்பான். விழுந்ததைப் பார்க்காதே, விழாததைப் பார் என்பது ஹியூன் காட்டில் சோறு போடும் பாடம். மேலே சிக்கித் தொங்கும் கிளைக்கு அங்கே விதவையாக்கி என்று பெயர். நம் வாயில் வந்தால் தாலியறுப்பான்.

நெவிலும் இருபது வருடம் ரம்பம் பிடித்தவன்தான். முழங்கால் போனதும் கையில் கேமராவைக் கொடுத்தார்கள். முதல் புத்தகத்துக்கு அவன் கேட்டு வாங்கிய ஆள் லாய்ட், கூடவே வேலை பார்த்த கூட்டாளி. வெட்டு என்றால் அப்படி ஒரு சுத்தம். புத்தக அட்டைக்கு ஒரு சிரித்த முகம் வேண்டும் என்று ஆபீஸ் கேட்டிருந்தது.

அன்று எல்லாமே சட்டப்படி நடந்தது. இரண்டு மர நீளத்துக்கு அப்பால், நீள லென்ஸோடு நெவில் நின்றான். மரம் சொன்ன இடத்தில் விழுந்தது. லாய்ட் ரம்பத்தை அணைத்து, விலகி நின்று, காதடைப்பைத் தூக்கிவிட்டு அண்ணாந்தான். லென்ஸில் வெறும் தாடை.

நெவில் "கூ...ஈ!" என்று குரல் கொடுத்தான்.

அந்தக் காட்டில் தூரத்து ஆளைக் கூப்பிடும் குரல் அது; கூ-ஈ கேட்டுத் திரும்பாத ஆள் கிடையாது. லாய்ட் திரும்பினான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். நெவில் பொத்தானை அழுத்தினான். லாய்ட் மேல் கிளை இறங்கியது.

சாவு விசாரணையில் நெவிலின் படங்களைத்தான் மேஜை மேல் பரப்பினார்கள். வெட்டு சரி, கீல் சரி, நின்ற தூரம் சரி. யார் மேலும் குற்றம் இல்லை என்று எழுதி மூடினார்கள். லாய்ட் ஏன் மேலே பார்க்கவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காததை நெவிலும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை. கறி வைத்துச் சுட்ட பை தின்றான், பீர் குடித்தான், இரண்டும் ஒரே ருசியாக இருந்தன. அழுகைகூட வரவில்லை, சனியன்.

லாய்டின் மனைவி மெர்ல் அந்தப் படத்தைக் கேட்டு அனுப்பினாள். பெரிதாகக் கழுவி, கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனான். சொல்லிவிடுவதா, வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுவதா என்று வழியெல்லாம் யோசிக்கப் பார்த்தான். மண்டைக்குள் ஒன்றும் ஓடவில்லை.

மெர்ல் கல்யாணப் படத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

"இதப் பாரு. மோதிரம் மாத்துன அன்னிக்கே மனுஷன் சர்ச்சுக்குப் பின்னால நிக்குற மரத்தப் பாத்துட்டு நிக்கிறான். முப்பது வருஷத்துல ஒரு படத்துலயும் என்னப் பாத்ததில்ல. இதுலதான் நேரா பாக்குறான். எப்படிய்யா பாக்க வெச்ச?"

"கூ-ஈ போட்டேன்" என்றான் நெவில்.

மெர்லுடைய அப்பாவும் மரம் வெட்டினவர்தான். அவளுக்கு இரண்டாவது வார்த்தை தேவைப்படவில்லை. டீக்கு வைத்திருந்த கெட்டில் கொதித்து, தானே அணைந்தது.

"மரம் விழுந்த பொறகா?"

"ஆமா."

"அப்ப மேல பாத்துட்டு இருந்தானா?"

"பாத்துட்டுத்தான் இருந்தான்."

மெர்ல் படத்தை எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"படம் நல்லாருக்கு நெவில். இது இங்கயே இருக்கட்டும். நீ இனிமே வராத."