பசியில்லாத சாப்பாடு

வரப்பில் நடக்கும்போது வலது கால் பெருவிரலில் முள் குத்தியது. இரண்டு மாதமாகியும் புண் ஆறவில்லை. வலி இல்லாததால் அலட்சியமாக இருந்துவிட்டேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பார்த்து, சர்க்கரை நோய் என்றார்கள். நரம்பு மரத்துப்போயிருந்ததாம். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது.

ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுவேன் என்று டாக்டரம்மா கேட்டார். நான் சொல்லச்சொல்லக் குறித்துக்கொண்டே வந்தவர் பேனாவை வைத்துவிட்டார்.

"இவ்வளவும் பசிச்சா சாப்பிடுறீங்க?"

இல்லை. வீட்டுக்காரர் கடிந்து ஒரு சொல் சொன்னால் சோற்றுப்பானையிடம் போவேன். மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வர நேரமானாலும் போவேன். வயிறு கல்லாக இருக்கும். கை நிற்காது.

எப்போதிலிருந்து என்று கேட்டார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். எனக்குப் பதினாறு வயதில், கூலி நெல்லை உயர்த்தக் கேட்டு எங்கள் தெருக்காரர்கள் அறுப்பை நிறுத்தினார்கள். முன்னால் நின்றவன் என் அண்ணன். மூன்றாம் வாரம் வீட்டில் ஒரு குண்டான் கஞ்சிதான் மிச்சம்.

"நீ குடி பாப்பா. எனக்கு சங்கத்துல குடுப்பாங்க" என்றான் அண்ணன்.

பொய் என்று தெரிந்தே குடித்தேன். வெளியூர் ஆட்களை வயலில் இறக்க வந்த பண்ணையாரின் அடியாட்கள் அன்று அவனைத் தலையில் அடித்தார்கள். சாயங்காலம் சடலமாகத்தான் வந்தான். வெறும் வயிற்றோடு போனவன்.

பதினாறாம் நாள் காரியச் சோற்றை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அழுகை வரவில்லை. அதன்பிறகு, அழ வேண்டிய நேரத்திலெல்லாம் சாப்பிட்டேன்.

டாக்டரம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, கை பானைக்குப் போகும்போது எதற்காகப் போகிறது என்று ஒருதரம் யோசியுங்கள் என்றார்.

விரலை எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்த அம்மாவிடம் கஞ்சியைப் பற்றிச் சொன்னேன். அண்ணன் போனதிலிருந்து அம்மா ஒருவேளைதான் சாப்பிடுவாள். ஏதோ வேண்டுதல் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ குடிக்கிறதுக்கு முன்னாடியே அதுல நான் ரெண்டு வாய் குடிச்சிட்டேன் பாப்பா."

இருபத்திரண்டு வருடம் ஒரே துக்கத்தில்தான் இருந்திருக்கிறோம். அவள் தட்டை ஒதுக்கினாள், நான் தட்டை விடவில்லை. அடுத்த வருடம் அம்மா இறந்தாள். கடைசிவரை அவளை இரண்டாம் வேளை சாப்பிடவைக்க என்னால் முடியவில்லை.

என்னைப்போல் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாப்பாட்டைக் குறைத்ததும் உடம்பு லேசாகவில்லை. முதலில் அழுகைதான் வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

இப்போது காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் நேரம் மிக நீளமாகக் கிடக்கிறது. ஒரு மணிவாக்கில் வயிறு மெல்லக் கிள்ளும். அதுதான் பசி என்று தெரிகிறது. அன்று அண்ணன் வயிற்றில் இருந்ததும் இதுதானே என்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பயந்துவிட்டுத்தான் தட்டை எடுக்கிறேன்.