மொழிபெயர்க்காமல் விட்ட வரி

போன ஞாயிற்றுக்கிழமை காரின் பின்கதவைத் திறந்த என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

"இஞ்சரப்பா, உள்ளுக்கை ஏதும் செத்துக் கிடக்கோ?"

ஒன்றும் சாகவில்லை. பேத்தி முந்தினநாள் பயிற்சி முடிந்து தன் ஹொக்கிப் பையைக் காரிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தாள். நனைந்த கையுறை ஒரு இரவு முழுக்கப் பூட்டிய பைக்குள் கிடந்தால் வருகிற வாசம் உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் நீங்கள் புண்ணியம் செய்தவர். நான் மட்டும் கதவை மூட மனமில்லாமல் நின்றேன். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் வேலையின் வாசம் அதுதான்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கனடாவில், மொன்ட்ரியால்-நோர் பகுதியில் நாலு பேரோடு ஒரு அறையில் இருந்தேன். மேல்மாடி அண்ணை ஒருவர் வந்து, "ஐஸ் வேலை ஒண்டிருக்கு. குளிரும். ஓமெண்டால் நாளைக்கே வரட்டாம்" என்றார். மீனுக்குப் போடுகிற ஐஸ் என்று நினைத்து ஓமென்றேன். போய்ப் பார்த்தால் ஐஸ் ஹொக்கி அரங்கம். மைதானம் அளவுக்கு ஐஸ். அதன்மேல் மனிதர்கள் கத்தி பூட்டிய சப்பாத்தோடு பறந்துகொண்டிருந்தார்கள்.

அங்கேதான் ஜீலைச் சந்தித்தேன். நாற்பது தாண்டியவர். கதவு நிலையை நிறைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. இரண்டு முறை திசை மாறிய மூக்கு. ஐஸைச் சீவித் தண்ணீர் விட்டு மெழுகுகிற பெரிய மெஷினை ஓட்டுவது அவர் வேலை. உடைமாற்றும் அறைகளைக் கழுவுவதும், மறந்துவிட்டுப் போன கையுறைகளை பொய்லர் அறையில் காயப்போடுவதும் என் வேலை. ஜீல் கோப்பிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத்தான் தூக்குவார். விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தபடி பொருந்தியிருந்தன. கை முழுதாக மூடாது.

அவர் ஒன்பது குளிர்காலம் பெரிய அணிகளில் சம்பளத்துக்கு ஹொக்கி ஆடியவர் என்று தெரிந்தபோது எனக்குப் புல்லரித்தது. எத்தனை கோல் அடித்தீர்கள் என்று கேட்டேன்.

"மூண்டு," என்றார். "அதிலயும் ஒண்டு என்ரை முதுகில பட்டுப் போனது."

அவர் சொன்னது பிரெஞ்சில். அரைகுறையாக விளங்கிய அந்தப் பிரெஞ்சு எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகத்தான் என் நினைவில் தங்கியிருக்கிறது. அங்கே எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றுதான் அழைப்போம். எழுதும்போது என் கை அதை 'நீர்' ஆக்கிவிடுகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கோல் அடிக்காத ஆட்டக்காரனுக்கு என்ன வேலை? சண்டை பிடிப்பது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு அணியும் அதற்கென்றே ஒரு ஆளை வைத்திருந்தது. கோல் போடுகிற சின்னப் பெடியன்களை எதிரணி இடித்தால், கோச் இவர் தோளில் தட்டுவார். இவர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய் அடிக்கவேண்டும். பிறகு ஐந்து நிமிடம் கண்ணாடிக் கூண்டுக்குள் தண்டனை. கோல் விழும்போது எழாத சனம்கூட அப்போது எழுந்து நிற்குமாம். லொறிச் சாரதி தன் பாதையைச் சொல்வதுபோல் அவர் இதைச் சொன்னார். நான் தப்பி வந்த சண்டைக்கு மத்தியஸ்தரும் இல்லை, ஐந்து நிமிடக் கணக்கும் இல்லை. அதைப் பற்றி ஒருமுறை கேட்டார். பேந்து சொல்லுறன் என்றேன். கடைசிவரை சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை, பெண்பிள்ளைகளுக்கான போட்டி. மத்தியானம் ஜீல் வெளுத்த முகத்தோடு மெஷின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"ரஸ்ஸல் வந்திருக்கிறார். அவரின்ரை மகள் விளையாடுறா. இண்டைக்கு மெஷினை நீர் ஓட்டும்."

வெறும் அரங்கில் இரண்டு தரம் ஓட்டியிருக்கிறேன். அவ்வளவுதான். அன்றைக்குப் பாதி ஐஸை மெழுகாமல் விட்டதோடு ஓரப் பலகையிலும் ஒரு இடி இடித்தேன். பெற்றோர் எழுந்து கைதட்டினார்கள். முதல் இரண்டு நொடி அதைப் பாராட்டு என்று நினைத்தேன்.

இறங்கியபோது ஒரு மனிதர் காத்து நின்றார். ஒல்லியானவர். இடது கண் அசையவில்லை. ஜீல் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர்தான் ரஸ்ஸல் என்று எனக்கு விளங்கியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஜீல் அடித்த அடியில் அந்தக் கண் போய், ஆட்டமும் போய், இப்போது ஒட்டாவாவில் பள்ளிக்கூடமொன்றில் விளையாட்டு ஆசிரியர். இதைக் கோபமில்லாமல் நடந்துகொண்டே சொன்னார். நான் பொய்லர் அறையில் ஒதுங்கியிருந்த ஜீலிடம் கூட்டிப்போனேன்.

ஜீல் எழுந்து நின்றார். என் கையைப் பிடித்து, "நீர் ஆங்கிலத்தில சொல்லும்," என்றார். "எனக்குத் தெரிஞ்ச ஆங்கிலம் உடுப்பு மாத்திற அறையில படிச்சது. ஏசத்தான் தெரியும். இதை அந்த ஆங்கிலத்தில சொல்லேலாது."

ரஸ்ஸல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நான் உமக்கு என்ன செய்தனான்? பன்னிரண்டு வருசமா யோசிக்கிறன். ஏதும் சொன்னனானோ? ஆரையும் இடிச்சனானோ?"

ஜீல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "ஒண்டும் செய்யேல்லை. கோச் தோளில தட்டி 'இருபத்தாறு' எண்டார். முதுகில இருபத்தாறு போட்டது ஆரெண்டு பாத்தன். நீர். உம்மடை பேரே அடுத்தநாள் பேப்பரில பாத்துத்தான் எனக்குத் தெரியும்."

நான் அந்த அசையாத கண்ணைப் பார்த்தேன். ஒரு நம்பருக்காகப் போன கண் என்று எப்படிச் சொல்வது? அகதிக் கந்தோர்க் கோப்புகளில் இரண்டு வருடம் நானும் வெறும் நம்பராக இருந்தவன். "நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. கோச் சொன்னதைச் செய்தார். மிகவும் வருந்துகிறார்," என்று முடித்துவிட்டேன்.

ரஸ்ஸல் தலையாட்டினார். எதிர்பார்த்த கடிதம் எதிர்பார்த்தபடியே வந்ததுபோல் இருந்தது அவர் முகம். வெளியே போய்விட்டார்.

"நீர் நம்பரைச் சொல்லேல்லை," என்றார் ஜீல்.

"சொன்னால் அவருக்கு நோகும்."

"வருந்திறன் எண்டு நான் சொன்னனானோ? அதை எல்லாரும் சொல்லுவினம். நான் அவரை வெறுக்கேல்லை எண்டு அவருக்குத் தெரியவேணும். அதுக்கு அந்த நம்பர்தான் வேணும்."

மேலங்கிகூடப் போடாமல் வெளியே போனார். வாசல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாகனத் தரிப்பிடத்தில் ரஸ்ஸல் காரில் பையை வைத்துக்கொண்டிருந்தார். ஜீல் தன் தோளில் தானே தட்டிக் காட்டினார். பிறகு ரஸ்ஸலின் நெஞ்சைக் காட்டினார். ரஸ்ஸல் காரின் கூரையில் நெற்றியை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது.

ஈரத் தலையோடு ஒரு சிறுமி என் பக்கத்தில் வந்து நின்றாள். அப்பாவோடு கதைப்பது யார் என்று கேட்டாள்.

"முந்தி வேலையிடத்தில் தெரிந்தவர்," என்றேன்.

ஜீல் தலையில் பனியோடு திரும்பி வந்தார். ரஸ்ஸல் அழுதாரா, சிரித்தாரா என்று கேட்டேன்.

"ரெண்டும். வாரும், நீர் மெழுகாமல் விட்ட பாதியைப் பாப்பம்."

அன்று பின்னேரம் இதை, பின்னாளில் எனக்கு மனைவியானவளிடம் தொலைபேசியில் சொன்னேன். "உங்களை ஆர் திருத்தச் சொன்னது?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ சனத்துக்கு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கப் போயிருக்கிறேன். டொக்டர் சொன்னதில் ஒரு சொல்லும் கூட்டியதில்லை, குறைத்ததில்லை.

அதன்பின் ஒவ்வொரு குளிர்காலமும் ரஸ்ஸல் வந்தார். மகள் ஆட்டத்தை விட்ட பிறகும் வந்தார். இருவரும் மெஷின் அறையில் கோப்பி குடிப்பார்கள். என்னைக் கூப்பிடுவதில்லை. எந்த மொழியில் கதைத்தார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஜீலுக்கு அறுபது கடந்ததும் மறதி வந்தது. முதலில் வீட்டுக் கதவின் திறப்பை வைத்த இடம், பிறகு பாதை, பிறகு ஆட்கள். ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்டில் அவருடைய தங்கச்சி வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். நான் போனால் புதிதாக வந்தவரிடம் சொல்வதுபோல் மரியாதையாக 'பொன்ஜூர்' சொல்வார். முன்போன குளிர்காலம் இறந்துபோனார். அத்தனை அடி வாங்கிய மூளையை டொக்டர்மார் ஆராய்ச்சிக்குக் கேட்டு எடுத்தார்கள்.

அந்த அரங்கம் இப்போது இல்லை. இடித்து நீச்சல் குளம் கட்டிவிட்டார்கள். சண்டைக்கென்று ஒருவரை வைத்திருக்கும் வழக்கமும் போய்விட்டது. இன்றைய அணிகளில் எல்லாருமே ஓடவும் கோல் போடவும் தெரிந்தவர்கள். அந்த வேலை ஒழிந்ததற்கு நான் வருத்தப்படவில்லை.

ஜீலின் சாவீட்டன்று தேவாலயத்தின் பின்வரிசையில் ஏழு பெரிய மனிதர்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் நெளிந்த மூக்கு. எழும்பும்போது முன்னால் இருந்த வாங்கின் முதுகைப் பிடித்துத்தான் எழும்பினார்கள். ஒரு காலத்தில் ஒருவரை ஒருவர் அடித்தவர்கள் என்று ரஸ்ஸல் என் காதுக்குள் சொன்னார். போன மாசி மாதம் அவர்களில் ஒருவருடைய சாவீட்டுக்குப் போய்விட்டு வந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார். பின்வரிசையில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

நாலு பேர் என்றார்.