எடை பார்த்து வாங்கிய ஆம்ப்ளிஃபயர்

ஆர்.எஸ்.புரத்துக் கடை ஒன்றில், கண்ணாடி மேசை மேல் நான் காட்டிய ஆம்ப்ளிஃபயரை என் மாமன் இரண்டு கைகளாலும் தூக்கினார். வேட்டியை மடித்துக் கட்டி, காலை அகட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். பலகாரப் பெட்டி அளவே இருந்த அந்தப் பொருள் அவர் எதிர்பார்த்ததைவிட வேகமாக முகத்துக்கு நேரே வந்து நின்றது. கடைக்குள் நாலு பேர் பார்க்க ஏமாற்றப்பட்டவரைப் போல அதை ஒரு கணம் முறைத்தார். பிறகு மேசையில் வைத்து, விரல் நுனியால் கடைக்காரர் பக்கம் தள்ளினார். "காத்தாட்டம் இருக்குதுங்க. உள்ள ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா, வெறும் டப்பாவுங்களா?" என்றார். ஒரு பாட்டுப் போட்டுக் காட்டட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். "அதெல்லாம் வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு மாமன் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

மாமன் என் அம்மாவின் அண்ணன். சென்ற ஆண்டு அவர் இறந்தபோது, நாளிதழில் வேலை பார்ப்பவள் என்பதால் இரங்கல் விளம்பரத்தின் வாசகத்தைத் திருத்தச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். தொழிலதிபர், கொடையாளர் என்று வரிசையாக வந்து கடைசியில் 'சிறந்த இசை ரசிகர்' என்று இருந்தது. மற்றவற்றை விட்டுவிட்டு அதை மட்டும் அடித்தேன். செய்திக்கு ஆதாரம் கேட்டே பழகியவள் நான். இந்த ஒன்றில் எதிர் ஆதாரமே என் கையில் இருந்தது.

அவர் மோட்டார் பம்ப் விற்றவர். எங்கள் பக்கத்தில் விவசாயி பம்ப் வாங்க வந்தால் முதலில் அதன் ஒரு முனையைத் தூக்கிப் பார்ப்பார். செம்பையும் இரும்பையும் குறைத்துச் செய்த மோட்டார் கைக்கு லேசாக இருக்கும், கோடையில் எரிந்து போகும். கிணற்றடியில் அது சரியான சோதனைதான். மாமன் அந்த ஒரே அறிவை வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றின் மேலும் ஏற்றி வைத்தார். மிக்ஸியைத் தூக்கிப் பார்த்தார். கதவைத் தூக்கிப் பார்த்தார். மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், கொடுத்த காபி டம்ளரைக் கையில் வைத்து எடை பார்த்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சம்பாதித்த மனிதர் என்பதால் அதைக் கூர்மை என்றார்கள். மூடத்தனம் என்று சொல்ல எங்கள் ஊர் மரியாதையில் இடமில்லை.

ஆம்ப்ளிஃபயர் மாமனின் மனைவிக்காக, என் அத்தைக்காக. சர்க்கரை நோயில் அவருக்குக் கண் போயிருந்தது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரியும். படிப்பதும் தைப்பதும் நின்ற பிறகு, மகன் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரு சி.டி. பிளேயரும்தான் அவருடைய பகல் பொழுது. பிளேயரின் பொத்தான்கள் அவர் விரலுக்குப் பழக்கம். வீணைதான் அதிகம் கேட்பார். மகன் வைத்திருந்த ஆம்ப்ளிஃபயர் மழைக்காலத்து இடியில் போய்விட்டது. அதன் பிறகு ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தார். யாராவது வந்தால் முகத்தைத் திருப்புவார், போனதும் மறுபடி சுவரைப் பார்ப்பார். "சின்னச் சத்தத்துல வெச்சாலும் தெளிவாக் கேக்கோணும் கண்ணு. தந்தியை மீட்டி உட்ட பொறவு அது போயிட்டே இருக்குமே, அது கேக்கோணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்று என்னிடம் சொன்னார். அவர் எதையும் இவ்வளவு விவரமாகக் கேட்டு நான் அறிந்ததில்லை.

நான் விசாரித்தேன். ஸ்பீக்கரின் பின்பக்கம் எட்டு ஓம் என்று எழுதியிருந்தது. ஹால் சின்னது. கேட்பவர் ஸ்பீக்கருக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் உட்காருகிறவர். இதற்கு ஐம்பது வாட் இருந்தாலே மிச்சம். இப்போது வருகிற டிஜிட்டல் வகையில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, அதனால் லேசாக இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். அமைதியான இடத்தில் பாட்டே போடாமல் ஆன் செய்து, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்க வேண்டும். இரைச்சல் இல்லாதது நல்லது. கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. இதை மாமனிடம் சொன்னேன். "அம்மணி, நீ பேப்பர்ல எழுது. வாட்டு, வோல்ட்டெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

ஆர்.எஸ்.புரத்தில் அந்த லேசானதைத் தள்ளிவிட்டு வந்த பிறகு அவர் கண்டுபிடித்த இடம் கணபதிப் பகுதியில் இருந்தது. கல்யாண மண்டபங்களுக்கும் கோயில் விசேஷங்களுக்கும் ஆம்ப்ளிஃபயர் கட்டித் தரும் பட்டறை. அங்கிருந்தவர் மாமனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. "எத்தனை வாட்டுங்க வரும்?" என்று மாமன் கேட்டார். "உங்களுக்கு எத்தனை வேணுமுங்க?" என்றார் அவர். அதையும் மாமன் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். "ஒருத்தனால தூக்க முடியக்கூடாதுங்க" என்பதுதான் அவர் வைத்த ஒரே நிபந்தனை. நிபந்தனை நிறைவேற்றப்பட்டது. காரிலிருந்து ஹாலுக்கு அதைக் கொண்டுவர, டிரைவரும் பக்கத்து வீட்டுக்காரரும் நடுவில் ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மாமன் வாசலில் நின்று, பெண் அழைப்புக்கு நிற்பவரைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆன் செய்ததும் இரண்டு நீல விளக்குகள் எரிந்தன, இரண்டு முட்கள் ஆடின. பாட்டு வருவதற்கு முன்பே ஸ்பீக்கர்களில் அடித்தொண்டையில் ஓர் உறுமல் வந்தது. வால்யூமை முழுவதும் குறைத்தாலும் அது குறையவில்லை. அத்தை அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். மாமன் வால்யூமை ஏற்றினார். உறுமல் மறைந்தது, கூடவே வீணையும் மறைந்து, ஷட்டரை இழுத்து மூடுவது போன்ற ஒன்று ஹாலை நிறைத்தது. "எப்படி?" என்றார் மாமன். "நெம்ப நல்லா இருக்குதுங்க" என்றார் அத்தை.

அடுத்து வந்த வாரங்களில் அந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் அதன் முன் நிறுத்தப்பட்டார்கள். உறவினர்கள், டீலர்கள், ஒரு பல் மருத்துவர். எல்லோருக்கும் காது இருந்தது. எல்லோரும் "அருமைங்க" என்றார்கள். சிலர் அதைத் தூக்க முயன்று தோற்று, மாமனை மேலும் மகிழ்வித்தார்கள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "காதுக்குள்ள மாவரைக்கற மாதிரி இருக்குது" என்று ஒருவர் மனைவியிடம் முணுமுணுத்ததை நான் கேட்டேன். உள்ளே அதிக நேரம் பாராட்டியவர் அவர்தான். ஒருவர் மனதையும் புண்படுத்தாமல் பேசுவது எங்கள் மண்ணின் பெருமை என்று மேடைகளில் சொல்வார்கள். அந்தப் பெருமைக்கான செலவை அந்த வீட்டில் கண் தெரியாத ஒரு பெண் செய்துகொண்டிருந்தார்.

பகலில் மாமன் தூங்கும்போது அத்தை சத்தத்தைக் குறைத்தாக வேண்டும். குறைத்தால் உறுமல் மட்டும்தான் மிஞ்சும். "என்னங்கத்தை, கேட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் பிறந்தது சோமனூரில், தறி ஓடும் வீட்டில். "என்ற பொறந்த ஊடு மாதிரியே இருக்குது கண்ணு. தறிச் சத்தம் நிக்கறதே இல்ல. உங்க மாமன் செலவு பண்ணி என்னைய சோமனூருக்கே திருப்பி அனுப்பிப்போட்டாரு" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

உறுமலைச் சரிசெய்யலாம் என்று பேசிப் பேசி, மாமனை ஒருநாள் மூடியைத் திறக்கச் சம்மதிக்க வைத்தேன். அவரே ஸ்குரூவைக் கழற்றினார். உள்ளே ஒரு மூலையில், சிறிய டிரான்ஸ்ஃபார்மரும் உள்ளங்கை அகலச் சர்க்யூட் போர்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மீதி இடம் முழுவதும் இரும்பு. நாலு போல்ட் போட்டு இறுக்கிய வார்ப்பு இரும்புக் கட்டை. அது என்ன என்று எனக்கே தெரிந்தது. பம்ப் செட்டுக்கு அடியில் வைக்கிற பீடம். வாழ்நாளெல்லாம் விற்ற பொருளை மாமன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஏதாவது வருமா என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். "அதிர்வு வராம இருக்கறதுக்குப் போட்டிருக்கறான். வெவரமான ஆளு" என்று சொல்லி மூடியை வைத்துத் திருகினார். அடுத்த விருந்தாளியிடம் அந்த இரும்பும் ஒரு சிறப்பம்சமாகச் சொல்லப்பட்டது.

பட்டறைக்காரருக்கு நான் போன் செய்தேன். மறுப்பார் என்று நினைத்தேன். "லேசாக் குடுத்தா ஐயா வாங்கியிருப்பாருங்களா, நீங்களே சொல்லுங்க. பாட்டு எப்படிக் கேக்கோணும்னு அவரு ஒரு வார்த்தை கேக்கலீங்களே" என்றார். திருட்டைச் சேவை போல விளக்கிவிட்டு, வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

இதை அத்தையிடம் சொன்னபோது அவர் இரும்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நீ மொதல்ல பாத்தியே, அந்தச் சின்னது. அதை வாங்கியாந்துரு கண்ணு. ஞாயித்துக்கெழமை வா" என்றார். அதைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்துக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். என் அலுவலகப் பையிலேயே அது அடங்கியது.

ஞாயிறன்று ஹாலில் சம்பந்தி வீட்டார் இருந்தார்கள். காபி வந்திருந்தது. நீல விளக்குகள் எரிந்தன. பேச முடியாத அளவுக்குச் சத்தம். எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை எழுந்து நின்றார்.

"ஏனுங்க, அதை அமத்திப்போடுங்க."

மாமனுக்குக் கேட்கவில்லை. அத்தை இன்னொரு முறை சொல்லவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு போய் சுவிட்சை அவரே அமர்த்தினார். ஹாலில் மின்விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது. "கண்ணு, மாட்டு" என்றார். நான் பெரியதிலிருந்து ஒயர்களைப் பிடுங்கிச் சின்னதில் மாட்டினேன். மாமன் என் கையில் இருந்ததைப் பார்த்தார், பிறகு சம்பந்தியைப் பார்த்தார்.

"இத்தனூண்டு இருக்குது. இதுல என்ன கேக்கும்?"

"எனக்கென்னங்க தெரியுது, பெருசா சின்னதான்னு" என்றார் அத்தை.

அவர் குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. சம்பந்தி காபி டம்ளருக்குள் பார்த்தார். வீணை தொடங்கியது. ஒரு தந்தி மீட்டப்பட்டு, நாதம் மெல்லத் தேய்ந்துகொண்டே போய், இருக்கிறதா இல்லையா என்ற இடம் வரை கேட்டது. "அருமைங்க" என்றார் சம்பந்தி, பத்து நிமிடம் முன்பு எப்படிச் சொன்னாரோ அப்படியே. அதன் பிறகு அந்த ஹாலுக்கு மாமன் விருந்தாளிகளை அழைத்து வரவில்லை, முன்னறையிலேயே உட்கார வைத்துப் பேசினார். அத்தை கேட்பது என்ன என்று அறிய, ஒருநாளாவது அத்தையின் பக்கத்தில் வந்து அவர் உட்கார்ந்ததில்லை.

பெரியது இன்னும் அங்கேயே இருக்கிறது. அப்பாவின் நினைவு, விற்க வேண்டாம் என்று மகன் வெளிநாட்டிலிருந்து சொல்லியிருக்கிறான். அத்தை ஒருமுறை அதில் கால் இடித்துக்கொண்டார், நகம் பெயர்ந்தது. மதியங்களில் நான் போகும்போது அவர் சின்னதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் பேச வாயெடுத்தால் கையைத் தூக்கி நிறுத்துவார். தந்தி ஓய்ந்த பிறகுதான், "இப்பச் சொல்லு கண்ணு" என்பார்.