சிப்பாய்களுக்கு ரோஜா வளர்க்கிறவள்

கல்லறைத் தோட்டத்தில் வேலை என்று சொன்னால் பஸ்ஸில் பக்கத்து சீட்காரம்மா கொஞ்சம் நகர்ந்து உட்காருவார். நீங்களாவது நகராமல் கேளுங்கள்.

உத்திரமேரூர்ப் பக்கம், வெள்ளைக்காரன் காலத்துச் சிப்பாய்களைப் புதைத்த பழைய தோட்டம் எங்களுடையது. புல் வெட்ட முனுசாமி அண்ணன், செடிகளைப் பார்த்துக்கொள்ள நான்.

எந்தச் சண்டை?

வெயிலுக்கு ஒதுங்கிய புள்ளலூர் விவசாயி ஒருவர் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துவிட்டு, "இவங்கள்லாம் எந்தச் சண்டையில செத்தாங்க?" என்று கேட்டார். "சண்டையெல்லாம் இல்லீங்க. படை இங்க தங்கியிருந்தப்போ காய்ச்சலும் வாந்திபேதியும் வந்து போனவங்கதான் பாதிப் பேரு" என்றேன்.

மனிதருக்கு முகமே சிவந்துவிட்டது. பல்லவரும் சாளுக்கியரும் மோதிய ஊர்க்காரர் அல்லவா! "எங்க கழனியில வெட்டிக்கினு செத்தவனுக்கு ஒரு கருங்கல்லு கெடையாது. காய்ச்சல்ல போனவனுக்கு ரோஜாச் செடியா? இன்னா நியாயம்மா இது?"

முழு பாட்டில்

வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர் தன் தாத்தாவின் அண்ணனைத் தேடி வந்தார். கல்லைக் கண்டதும் மண்டியிட்டு, கைக்குட்டையால் பெயரைத் துடைத்துத் துடைத்து அழுதார். குடும்பத்திலிருந்து இங்கே வந்த முதல் ஆள் அவர்தானாம். கார் டிரைவர் சொன்னார்.

அப்புறம் பையிலிருந்து ஒரு விஸ்கி பாட்டிலை எடுத்து, சொட்டு விடாமல் கல்லறை மேல் ஊற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த முனுசாமி அண்ணன் என் காதில் சொன்னார்: "அவரு பாசம் புரியுது தங்கச்சி. ஆனா உசுரோட ஒருத்தன் பக்கத்துலயே நின்னுக்கினு கீறான் பாரு, அத்த யாரும் பாக்கல."

போட்டோ

பார்க் என்று நினைத்து, கல்யாணம் நிச்சயமான ஜோடி ஒன்று போட்டோகிராபரோடு வந்து இறங்கியது. விஷயத்தைச் சொன்னதும் மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. "கல்யாண நேரத்துல அபசகுனம், வா போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தார். அந்தப் பெண்ணோ ஒரு கல்லின் எழுத்தைப் படித்துக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வயதுச் சிப்பாய்.

கையிலிருந்த பூங்கொத்தை அங்கே வைத்துவிட்டுச் சொன்னாள்: "என் தம்பி வயசுங்க இவனுக்கு. பாவம், கல்யாணத்துக்கு யாரு கூப்ட்டிருப்பாங்க? நாம கூப்ட்டுட்டுப் போலாம்."

சம்பந்தி

என் மகள் கவிதாவுக்கு ஐயங்கார்குளத்தில் வரன் அமைந்தது. பையனுக்கும் அவளுக்கும் ரொம்பப் பிடித்துப்போயிற்று. "அம்மாவுக்கு இன்னா வேலை?" என்ற கேள்வி வந்தது, சொன்னேன். அதோடு அவர்கள் பக்கம் போன் நின்றுவிட்டது. கவிதா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒரு காலை நான் களை பறித்துக்கொண்டிருக்கும்போது, பையனின் அம்மா தனியாக வந்து கேட் அருகே நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். ஒரு பூவைத் தொட்டார். பிறகு என் மண் கையைப் பிடித்துக்கொண்டார்: "எங்க வூட்ல ஒரு துளசிகூட நிக்க மாட்டேங்குது. நீங்க யாரு பெத்த புள்ளைங்களுக்கோ இப்டி பூக்க வெச்சிக்கினு கீறீங்க. பொண்ணக் குடுங்க சம்பந்தி, கூடவே ரெண்டு ரோஜாப் பதியனும் குடுங்க."

கல்லறையில் பேச்சுத்துணை இல்லாமல் எப்படித்தான் பொழுது போகிறதோ என்று எனக்காகப் பரிதாபப்படுகிறவர்களே, வருகிறவர்களோடு பேசி முடித்து மதியச் சோற்றை நான் ஒருநாளாவது சூடாகச் சாப்பிட்டதுண்டா என்று முனுசாமி அண்ணனைக் கேட்டுப் பாருங்கள்.