வெறும் சைக்கிளோடு ஏறிய மலை

கூடலூரிலிருந்து குமுளிக்குச் சைக்கிளில் காய்கறி கொண்டுபோய் விற்பதுதான் என் தொழில். லோயர் கேம்ப் வரைக்கும் மிதித்துப் போகலாம். அங்கிருந்து மலைப்பாதை. கேரியரில் இரண்டு சாக்கு, நடுக்கம்பியில் ஒரு சாக்கு, ஹேண்டில்பாரில் கீரைக்கட்டு என்று பாரம் இருக்கும்போது மிதிக்க வழியே இல்லை. ஒரு கை ஹேண்டில்பாரிலும் ஒரு கை சீட்டுக்குப் பின்னாலும் வைத்துத் தள்ளித்தான் ஏற வேண்டும். முதல் வளைவிலேயே பனியன் நனைந்துவிடும்.

ஏழெட்டுப் பேர் ஒன்றாக ஏறுவோம். எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. பாதி மலையில் பாறையிலிருந்து தண்ணீர் விழும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் யார் சைக்கிளை நிறுத்தினாலும் அன்றைக்கு எல்லாருக்கும் அவர்தான் டீ வாங்கித் தர வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் ஏறியும் நான் ஒருநாள்கூட டீ வாங்கித் தந்ததில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிப் பேசினால் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். மலையில் மட்டும் என் சைக்கிள்தான் முன்னால் போகும். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் ஐப்பசி மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டது. நாற்பது நாள் போல வீட்டில் சும்மா கிடந்தேன். பாதை திறந்ததும், குமுளியில் காய் இல்லாமல் தவிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வழக்கமான மூன்று சாக்குக்கு மேலே இன்னொன்றையும் ஏற்றிக் கட்டினேன். தண்ணீர் விழும் இடத்திலும் நிற்கவில்லை. மேலே குமுளி செக்போஸ்ட்டில் போய்த்தான் நிறுத்தினேன். அங்கே மெஸ் நடத்தும் மலையாளி அக்கா சாக்கை எண்ணிப் பார்த்துவிட்டு, "எந்தா இது! ஆளா, லாரியா?" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் காலையில் தொடை இரண்டும் கல்லாக இறுகி, தொட்டால் சுட்டது. கொஞ்சம் காய்ச்சலும் இருந்தது. உடன் ஏறுகிறவர்களில் வாய் ஓயாதவர் என் மனைவியின் அண்ணன். அவரிடம் சொன்னேன்.

"ஏத்தத்துல வந்த வலி ஏத்தத்துலதான் மாப்ள போகும். படுத்தேன்னா பிடிச்சுக்கும். கெளம்பு."

எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வது அதுதான். மண்வெட்டி பிடித்து வந்த கைவலியை மண்வெட்டியே எடுத்துவிடும் என்பார்கள். எனக்கும் பல தடவை அப்படித்தான் போயிருக்கிறது. அன்றைக்கும் மூன்று சாக்கோடு ஏறினேன்.

மூன்றாம் நாள் விடியலில் ஒதுங்கப் போனேன். சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போயிற்று. உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்கவும் முடியவில்லை. வேலிக்கம்பைப் பிடித்து எழுந்தேன். யாரிடம் போய் இதைச் சொல்வது? மத்தியானம் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. நான் வெளியே போய் வந்த இடத்தை என் மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது? எத்தன நாளா இப்பிடி?"

"இன்னைக்குத்தான்."

"சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அண்ணனைக் கூட்டிக்கொண்டு என்னைக் கம்பம் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றினாள். அங்கே இருந்த டாக்டர் ஒரு பெண். என்னைவிட வயதில் சின்னவர். "என்ன செய்யுது?" என்று அவர் கேட்க, நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இவருக்கு ஒன்னுக்கு வரக்காப்பி மாதிரி போகுதும்மா" என்றாள் என் மனைவி.

மச்சான் பின்னாலிருந்து, "காப்பியே குடிக்க மாட்டாரும்மா இவரு" என்றார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இரண்டு நாளும் நான் என்ன செய்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தொடையை அமுக்கிப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"கஷ்டப்பட்டு வேலை செஞ்சா சதை உள்ளுக்குள்ள சின்னச் சின்னதா கிழியும். உடம்பு அதைச் சரிபண்றப்ப வீங்கும், சுடும், வலிக்கும். அது வியாதி இல்ல. ரெண்டு மூணு நாள்ல வத்திடும், சதையும் பலமாகும். நீங்க நாப்பது நாள் சும்மா இருந்துட்டு ஒரே நாள்ல அவ்வளவு பாரம் தள்ளிருக்கீங்க. கிழிஞ்சதைத் தைச்சு முடிக்கறதுக்குள்ள மறுநாளும் போய்க் கிழிச்சிட்டீங்க. சதை கரைஞ்சு ரத்தத்துல கலந்து இப்பிடிப் போகுது. இன்னொரு நாள் ஏறியிருந்தா கிட்னி நின்னுபோயிருக்கும்."

மச்சான் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆறு நாள் பெட்டில் கிடந்தேன். கையில் குளுக்கோஸ், பக்கத்தில் பானைத் தண்ணீர். நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. உயிருக்குப் பயமில்லை என்று தெரிந்ததும் வேறு பயம் வந்தது. மலை ஏற முடியாவிட்டால் நான் யார்? கூவி விற்கத் தெரியாது. கடையில் நின்று பேரம் பேச வராது. தள்ளத்தான் தெரியும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மாவிடம் நானாகவே வாய் திறந்து கேட்டேன்.

"மறுபடி மலை ஏறலாமாம்மா?"

"தாராளமா. அளவா தினம் உழைக்கிற உடம்புல இந்த வீக்கம் தங்காது. ஆனா பதினஞ்சு நாள் ரெஸ்ட். அப்புறம் மொத வாரம் வெறும் சைக்கிள். கால் எரிஞ்சா நின்னுரணும். பாரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் கூட்டணும்."

வெறும் சைக்கிள். சொல்வதற்குச் சின்ன விஷயம். பாரம் கட்டிய சைக்கிள்களுக்கு நடுவில், கேரியரில் ஒரு வெற்றுச் சாக்குகூட இல்லாமல் அதைத் தள்ளிக்கொண்டு போனவனுக்குத்தான் தெரியும்.

"என்ன மாப்ள, குமுளிக்குக் காத்து விக்கப் போறியா? அங்கன காத்துக்குப் பஞ்சமே இல்லையே!" என்றார் மச்சான். ஆஸ்பத்திரியில் அடங்கிய வாய் அதற்குள் திறந்துகொண்டது.

"இல்லண்ணே, சைக்கிளுக்குத்தான் உடம்பு சரியில்ல. நடத்திக் கூட்டிட்டுப் போறாரு" என்றான் இன்னொருவன்.

பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது வளைவில் கால் எரிந்தது. இன்னும் இரண்டு வளைவு தாங்கும் என்று எனக்கே தெரியும். ஆனாலும் நின்றேன். உடன் வந்தவர்கள் கேலியாகக் கை தட்டினார்கள். அன்றைக்கு மேலே போய் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். வாரம் பூராவும் கொடுத்தேன்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் என் மனைவி ஒரு சணல் கயிற்றை என் தொடையில் சுற்றுவாள். வீக்கம் இல்லாத நாளில் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்த அளவு அது. முடிச்சு எட்டவில்லை என்றால் மறுநாள் பாரம் கூட்டக் கூடாது. இந்த ஏற்பாட்டை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. முதல் நாள் வெறும் சைக்கிளுக்கே இரண்டு விரல் எட்டவில்லை. நாலாம் நாள் எட்டியது. அரைச் சாக்கு ஏற்றிய அன்று மறுபடி ஒரு விரல் குறைந்தது. இரண்டு நாளில் அதுவும் சரியாயிற்று.

"இன்னும் எத்தன நாளைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுக்கறது?" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டேன்.

"குடிச்சிட்டுப் போகட்டும். டாக்டரம்மா என்ன சொன்னாக? எரிஞ்சா நில்லுன்னாக. நில்லுங்க."

அரைச் சாக்கு ஒன்றாயிற்று, ஒன்று இரண்டாயிற்று. பொங்கலுக்கு முந்தின வாரம் மூன்று சாக்கோடு தண்ணீர் விழும் இடம் வரைக்கும் நிற்காமல் ஏறினேன். அன்று சாயங்காலம் சணலைச் சுற்றியபோது முடிச்சுக்கு மேலேயும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவள் அதை என்னிடம் காட்டினாள். 

அந்தப் பொங்கலைவிட, வெறும் சைக்கிள் தள்ளிய வாரத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பாரம் தள்ள எனக்கு எப்போதும் தெரியும். கை தட்டும்போது நிற்பதற்கு அந்த வாரத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

அடுத்த வருஷமும் மழையில் மண் சரிந்தது. மூன்று வாரம் கழித்துப் பாதை திறந்தார்கள். விடியலில் நான் ஒரே ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். மச்சான் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். அவர் கேரியரிலும் ஒரு சாக்குதான்.

"என்ன பாக்குற? எனக்கு வரக்காப்பி பிடிக்காது" என்றார்.

மற்றவர்களும் ஒன்றும் ஒன்றரையுமாகவே வந்திருந்தார்கள். யாரும் யாரையும் கேலி பேசவில்லை. மச்சான் இரண்டாவது வளைவிலேயே சைக்கிளைச் சாய்த்து நிறுத்த, நாங்களும் நின்றோம்.

மேலே மெஸ் அக்கா எங்கள் வரிசையைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "இத்தனை பேர் வந்திட்டு இத்திரிக் காயா, இவ்வளவுதானா? இதை யாருக்குப் பங்கு வைக்கறது?"

"அடுத்த வாரம் முழுசா வரும்க்கா. பாதை தெறந்த மொத வாரம் அரைப் பாரந்தான். இவுக வச்ச சட்டம்" என்று மச்சான் என்னைக் கைகாட்டினார்.

நான் அப்படி ஒரு சட்டமும் யாருக்கும் சொன்னதில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். குனிந்து சாக்கை அவிழ்த்துக்கொண்டே, "ஆமாக்கா" என்றேன்.